நாலாவது போல்ட்

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, காலைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா? ஒன்றும் கீழே விழவில்லை. இந்தச் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று, இரண்டு, மூன்று... இதோ, நாலு. நட்டும் இருக்கிறது. சரி, நன்றாக உட்காருங்கள். பயப்படாதீர்கள், எனக்குக் கிறுக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளாகத்தான் இந்தப் பழக்கம்.

ஏன் என்று கேட்டால் சொல்கிறேன். நான் சங்குமுனை விலக்கில் இறங்க வேண்டும், அதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஆனால் ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பெரும்பகுதி நான் கண்ணால் பார்த்தது இல்லை. எங்கள் யார்டில் வேலை பார்க்கும் கிளாரன்ஸ் அண்ணன் சொன்னது. அவருக்கு வியாகுலம் அண்ணாச்சி சொன்னது. எது கேட்டது, எது பார்த்தது என்று பிரித்துத்தான் சொல்வேன். கலந்துவிட்டால் அப்புறம் எனக்குத் தூக்கம் வராது.

யார்டு என்றால் ஃபைபர் வள்ளம் கட்டுகிற இடம், தூத்துக்குடியில். அங்கே தரம் பார்ப்பது என் வேலை. மெக்கானிக்கல் படித்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கோவில்பட்டியில் அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார்கள். கடல் என்றால் எனக்குத் திருச்செந்தூரில் குளிக்கிற தண்ணீர், அவ்வளவுதான் தெரியும். அதனால் எதையும் புத்தகத்தைப் பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்து, எழுதிக் கொடுத்துவிடுவேன். வாயால் சொன்னால் மறந்துபோனேன் என்பார்கள். தாளில் இருந்தால் தாள் பேசும். அந்தத் தாளில் பிழை இல்லை அக்கா. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதம் வியாகுலம் அண்ணாச்சி யார்டுக்கு வந்தார். இது நான் பார்த்தது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் கோளாறு, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார். பின்னாலேயே ஒரு லோடு ஆட்டோ. அதில் ஒரு நாற்காலி. கப்பலை ஓட்டுகிறவர்கள் உட்காருவார்களே, ஒற்றைக் காலில் நின்று சுற்றுகிற நாற்காலி, அது. பழைய கப்பல் சாமான் விற்கிற கடையில் பிடித்திருக்கிறார்.

"இஞ்சினியர் யாரு?" என்று என் தலைக்கு மேலே தேடினார்.

கிளாரன்ஸ் அண்ணன் என்னைக் காட்டினார். இரண்டு பேரும் ஒரே ஊர், சங்குமுனை.

"இந்தப் பிள்ளையா?"

"இந்தப் பிள்ளதான்வே. கேளும். எது கேட்டாலும் எழுதிக் குடுக்கும். நீரு தும்முனாலும் எத்தனை தும்மல்னு எழுதி வச்சிக்கிடும்."

அவர் சிரிக்கவில்லை. "தட்டு மேல இதை நிறுத்தணும். ஆளோட சேந்து புடுங்கிட்டுப் போவக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

தட்டு என்றால் வள்ளத்தின் மேல்தளம். நடுவில் பிளைவுட், அதற்கு மேலேயும் கீழேயும் ஃபைபர். பின்பக்கத்தில், இஞ்சினுக்கு முன்னால், வள்ளத்தை ஓட்டுகிற ஆள் நிற்கிற இடம் அது.

ஏன் நாற்காலி என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய தம்பி இன்னாசி அந்த இடத்தில் நின்று ஓட்டிக்கொண்டு வந்தாராம். கச்சான் காற்றுக் காலம். மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றில் கடல் குதித்துக்கொண்டே இருக்கும். ஓர் அலை, ஒரு குலுக்கல். இடது பக்கமாகப் போய்விட்டார். ஆளும் கிடைக்கவில்லை, சட்டையும் கிடைக்கவில்லை. அன்றைக்குக் கரையில் ஏற்றிய வள்ளம் இரண்டு வருடமாக ஓலை போர்த்திக் கிடக்கிறது. வள்ளம் இன்னாசியுடையது. அதனால் இப்போது அவர் மனைவியுடையது. அவர் பெயர் தஸ்நேவிஸ், எல்லோரும் நேவிஸ் என்பார்கள். இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"நான்தான் ஓட்டணும், வேற ஆளு இல்ல. என்னால நிக்க முடியாது. உக்காந்து ஓட்டுனா வள்ளத்தைத் தாரேன், அதுவும் சீட்டு அசையக் கூடாதுங்கா நேவிஸ்" என்றார் அண்ணாச்சி. "இன்னொரு ஆளைக் குடுக்க மாட்டேங்கா."

அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். பதினொரு குறிப்பு. எனக்கு மனப்பாடம். நாலு போல்ட்டும் தட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும், ஸ்க்ரூ போடக் கூடாது. கீழே அகலமான ஸ்டெயின்லெஸ் தகடு, அதன் மேல் வாஷர், அப்புறம் நட்டு. துளையின் ஓரத்தில் தெரிகிற மரத்தில் ரெசின் பூச வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போய் மரம் மக்கிவிடும். இதற்கெல்லாம் முன்னால் ஐந்தாவது குறிப்பு: சின்னச் சுத்தியலால் தட்டை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். டக் டக்கென்று கெட்டியாகக் கேட்டால் நல்ல இடம். மொத்தென்று கேட்டால் உள்ளே கோளாறு, அங்கே போல்ட் போட வேண்டாம்.

சரியான குறிப்பு அக்கா. எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும்.

இனி வருவது கேட்டது. சங்குமுனைக் கரையில் நடந்தது.

நேவிஸ் அக்கா ஓலையை இழுத்துப் போட்டுவிட்டு, வள்ளத்தின் நிழலில் மண்ணெண்ணெய் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாராம். கையில் என் தாள். அவர் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒரு குறிப்பைப் படித்து முடித்து, அதை அண்ணாச்சி செய்து முடித்த பிறகுதான் அடுத்ததுக்குப் போவார்.

"அத்தான், நில்லும். அஞ்சாவது படிக்கலயே நான். அதுக்குள்ள டிரில்ல எடுத்துட்டீரு."

"தட்டிப் பாக்கச் சொல்லிருக்கும். எனக்குத் தெரியும் பிள்ள."

"தெரிஞ்சா தட்டும். காதுல விழுத மாதிரித் தட்டும்."

வியாகுலம் தட்டினார். டக், டக், டக். இடுப்பு வலியோடு தவழ்ந்து தவழ்ந்து தட்டிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் மொத் என்றது. அவர் கை அப்படியே நின்றது. நேவிஸ் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். இரண்டு பேருக்கும் அது என்ன இடம் என்று தெரியும். அங்கே வெள்ளை பெயிண்டில் விரல் நீளத்துக்கு ஒரு சிலுவை போட்டிருக்கும். இன்னாசி போட்டது.

உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன். அந்தக் கரையில் புது வள்ளம் கட்டும்போது, மந்திரித்த மாதா பதக்கம் ஒன்றை உள்ளே வைத்து அதன் மேல் ஃபைபரைப் போட்டு மூடிவிடுவார்கள். வெளியே தெரியாது. ஆனால் வள்ளத்துக்காரருக்கு இடம் தெரியும். அதில் கால் வைக்க மாட்டார்கள். செருப்பு வைக்க மாட்டார்கள், மீன்கூடை வைக்க மாட்டார்கள். எங்கள் யார்டிலும் வைக்கிறார்கள். நான் அதை வேலைச் சீட்டில் எழுதுவதில்லை, அதற்கு ஒரு கட்டம் இல்லை. இன்னாசியின் வள்ளத்தில் அந்த இடம் ஓட்டுகிற ஆள் நிற்கிற இடத்திலேயே இருந்தது. அதனால் அவர் எப்போதும் ஓர் அடி இடது பக்கம் விலகித்தான் நிற்பார். வள்ளம் வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். இடது பக்கம் விலகினால் அப்புறம் விளிம்புதான்.

அண்ணாச்சி நாற்காலியின் அடித்தகட்டைத் தூக்கி வைத்துப் பார்த்தார். இஞ்சின் கைப்பிடிக்குக் கை எட்ட வேண்டும். வலது பக்கம் தள்ளினால் எட்டவில்லை. இடது பக்கம் தள்ளினால் இன்னாசி நின்ற விளிம்புக்கே போய்விடும். சாய்த்து வைத்தால் பின்னாலிருக்கிற பெட்டியின் மூடி திறக்காது, அது வழியாகத்தான் தட்டுக்கு அடியில் கைவிட முடியும். எப்படி வைத்தாலும் மூன்று துளை நல்ல இடத்தில் விழுந்தது. இடது பக்கத்துப் பின்துளை மட்டும் சிலுவை மேலேயே விழுந்தது.

"போடும்" என்றார் நேவிஸ்.

"பிள்ள, அங்ஙன பதக்கம் இருக்கு."

"இருக்கட்டும். இருந்து என்ன செஞ்சிச்சு? என் புருஷனைப் புடிச்சி நிறுத்துச்சா? போடும் போல்ட்டை."

"தாள்லயே எழுதியிருக்கு பாரு, மொத்துன்னு கேட்டாப் போடாதன்னு."

"நாலு போல்ட்டுன்னும் எழுதியிருக்கு. நாலும் என் கண்ணு முன்னாடி முறுக்குனாத்தான் வள்ளம் தண்ணில எறங்கும். இல்லன்னா ஓலையைப் போத்திட்டு நீரும் வீட்டுக்குப் போவும், நானும் போறேன்."

வியாகுலம் முதலில் மூன்று துளை போட்டார். அவர் மனதில் ஓடியது ஒன்றுதான், அதைத்தான் கிளாரன்ஸ் அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: 'என் தம்பி உசுரு போற வரைக்கும் கால் வைக்காத இடத்துல நான் டிரில்லை வைக்கவா?'

அந்த நேரம் பார்த்து நேவிஸ் அக்காவைக் கடன்சங்கத்துக் கூட்டம் என்று யாரோ கூப்பிட்டார்கள். கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் அண்ணாச்சி நாலாவது போல்ட்டை எடுத்து, தலைக்குக் கீழே ரம்பம் வைத்து அறுத்துவிட்டார். தலையை மட்டும் கறுப்புப் பசையில் தோய்த்து அடித்தகட்டின் துளையில் ஒட்டினார். கீழே வைக்கிற தகட்டில் அந்த மூலையையும் வெட்டி எடுத்தார், பதக்கத்தை நசுக்கிவிடக் கூடாதே என்று. பார்த்துப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். மீதி மூன்றும் என் குறிப்புப்படி அச்சாக இருந்தன. ரெசின்கூடப் பூசியிருந்தார்.

நேவிஸ் திரும்பி வந்து விரல் வைத்து எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

"முறுக்கிட்டீரா?"

"முறுக்கிட்டேன்."

போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பச் சொன்னதும் அவர்தான். இது நான் பார்த்தது. படம் இன்னும் என் போனில் இருக்கிறது. நாலு போல்ட் தலை, நாலும் ஒரே மாதிரி மின்னுகிறது. நான் பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன். 'மிகவும் சரியாக உள்ளது, வாழ்த்துகள்' என்று அனுப்பினேன். ஒரு கட்டைவிரலும் அனுப்பினேன். அதைக் காட்டின பிறகுதான் நேவிஸ் அக்கா இஞ்சினைப் பூட்டி வைத்திருந்த அறையின் சாவியைக் கொடுத்தாராம்.

கீழேயிருந்து எடுத்த படம் ஒன்று கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டிருக்கலாம். யாரும் கேட்கச் சொல்லவில்லை. என் குறிப்பிலும் அது இல்லை. அதைப் பிழை என்று சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் வள்ளம் இறங்கியது. அண்ணாச்சியோடு இன்னும் இரண்டு பேர். முதல் மாதம் ஒன்றும் இல்லை. நல்ல மீன்பாடு. இடுப்பு வலி தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

மாசி கடைசியில் ஒருநாள் காலையில் வள்ளத்தைத் தள்ள வந்தபோது நாற்காலி இடது பக்கம் பார்த்துத் திரும்பி இருந்தது. சுற்றுகிற நாற்காலிதானே, யாராவது தட்டிவிட்டிருப்பார்கள் என்று நேராக வைத்தார். மறுநாளும் இடது பக்கம். அதற்கு மறுநாளும். கடலில் ஓட்டிக்கொண்டு போகும்போது இஞ்சினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கொஞ்சம் எழுந்தாரென்றால், அவர் இடுப்பு நகர்ந்ததும் நாற்காலி மெதுவாக இடது பக்கம் போகும். இன்னாசி விழுந்த பக்கம்.

கூட வருகிறவர்கள் முதலில் கேலி செய்தார்கள். "ஓய், இன்னாசி மாமா சீட்டுப் போட்டு வச்சிருக்காரு. நீரு டிக்கெட் எடுத்தீரா?"

"வாயை மூடுலே."

"எங்க மேல என்னத்துக்குக் கோவப்படுதீரு? அவருட்ட சொல்லும். சன்னலோரம்தான் வேணுங்காரு."

பங்குனி வந்தபோது கேலி நின்றுவிட்டது. நாற்காலி இப்போது மெதுவாகப் போகவில்லை, எழுந்த உடனே வெடுக்கென்று திரும்பியது. அண்ணாச்சி அதன் காலில் எண்ணெயைத் துடைத்துவிட்டு மணலைப் போட்டுப் பார்த்தார், கயிற்றால் கட்டிப் பார்த்தார். கட்டினால் உட்கார்ந்திருக்கும்போதே முதுகை இடது பக்கம் யாரோ இழுக்கிற மாதிரி இருந்ததாம். யாரும் பார்க்காதபோது நாற்காலியிடம் பேச ஆரம்பித்தார். "நேரா இருலே. நேரா இரு. உனக்குத் தெரியும்லா, நான் எதுக்குச் செஞ்சேன்னு."

பாருங்கள் அக்கா, அவருக்குப் பயம் பேய் மேல் இல்லை. அந்த நாலாவது போல்ட் மேல்தான். அது பொய் என்று கரையில் ஒரு ஆளுக்கும் தெரியாது. இன்னாசிக்கு மட்டும் தெரிந்துவிட்டது, அதைத் தன் மனைவிக்குக் காட்டிக்கொடுக்கத்தான் நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் போடுகிறான் என்று நம்பினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார். முறை வரப்போகும்போது விலகி வந்துவிடுவார். மூன்று ஞாயிறு அப்படி.

நேவிஸ் அக்காவுக்கும் சேதி போனது. அவர் அழவில்லை, மந்திரிக்கவும் போகவில்லை. விடிந்ததும் கரைக்கு வந்து, அந்தத் திரும்பிய நாற்காலியின் கைப்பிடி மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பாராம்.

"நேராத் திருப்பிப் போடட்டா பிள்ள?" என்று ஒருநாள் அண்ணாச்சி கேட்டார்.

"வேண்டாம். அவரு இருக்கட்டும். நீரு ஓட்டும்போது திருப்பிக்கிடும்."

"நீ என்னமும் நெனைக்கியா?"

"என்ன நெனைக்க? ரெண்டு வருஷமா ஒரு அசைவு இல்ல. இப்பதான் ஏதோ சொல்லுதாரு. என்னன்னுதான் விளங்கல."

அன்றைக்கே அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்ததாக அண்ணாச்சி சொன்னாராம். வந்தது வேறு வார்த்தை. "காத்து மாறுது" என்றாராம்.

அந்த நாலு மாதத்தில் ஒரே ஒரு ஆள்கூடக் குனிந்து அந்தப் பெட்டியைத் திறந்து, தட்டின் அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. இறந்தவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் அடியில் யார் கையை விடுவார்கள்?

ஆனி மாதம். மறுபடியும் கச்சான். மத்தியானம் பன்னிரண்டு மணி, நல்ல வெயில். கரைக்கு அரை மணி நேரத் தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் முன்னால் அணியத்துப் பக்கம் வலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி நாற்காலியில். வலது பக்கத்திலிருந்து ஓர் அலை எழும்பி வருவதை அவர் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்தது வேறு. நாற்காலி திரும்பியது. அவர் உட்கார்ந்திருக்கும்போதே, முழுப் பாரத்தோடு, அவரையும் சேர்த்து இடது பக்கம் திரும்பியது. அப்படி அது ஒருநாளும் செய்ததில்லை. எதிரே விளிம்பு, அதற்கப்பால் தண்ணீர். "இன்னாசி, வேண்டாம்லே!" என்று கத்திக்கொண்டு எழுந்து, இஞ்சினைக் கட்டியிருக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அவர் எழுந்தார், அலை அடித்தது, நாற்காலி அடித்தகட்டோடும் அதன் கீழே இருந்த பலகைத் துண்டோடும் பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போனது. எல்லாம் ஒரே நேரம். பிடுங்கின இடத்தில், உடைந்த ஃபைபர் மேல் அவர் முழங்கால் ஊன்றி விழுந்தார். முழங்கால் சிலுவை மேல் இருந்தது.

கரைக்கு வந்ததும் நேவிஸ் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அறுத்த போல்ட், ஒட்டின தலை, எல்லாம். அவர் முழங்காலில் ரத்தம் வழிய வழியச் சொன்னாராம். நேவிஸ் அக்கா கடைசிவரை கேட்டார். அப்புறம், "அப்ப இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்திருக்காரு" என்றாராம். "உம்மை எழுப்பிவிட்டிருக்காரு அத்தான்." அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்றாராம் அண்ணாச்சி.

கேட்டது இதோடு முடிந்தது. இனிமேல் எல்லாம் நான் பார்த்தது.

வள்ளத்தை லாரியில் ஏற்றி யார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணாச்சி முழங்காலில் கட்டோடு வந்தார். என்னைக் குறை சொல்வார் என்று வாசலுக்கே போகாமல் உள்ளே நின்றேன். அந்தப் படமும் என் கட்டைவிரலும் போனில் இருந்தன. அழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்தான். அழிக்கவில்லை.

அவர் என்னிடம் வந்து சொன்னது இது: "பிள்ள, உன் தாள்ல தப்பில்ல. நான்தான் செஞ்சேன். இப்ப ஒரு உதவி செய்யி. அந்த இடத்தை அறுத்துப் பதக்கத்தை எடுத்து என் கையில குடுத்திரு. நான் முழங்கால் வச்சு மிதிச்சுட்டேன். இனி அது காலுக்கடியில இருக்கக் கூடாது. கோயில்ல கொண்டு வச்சிருதேன். பொறவு நாலு போல்ட்டும் போடு."

"உன் தாள்ல தப்பில்ல." அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது அக்கா. அப்படி ஆறுதலாக இருந்ததுதான் இப்போது என்னவோ போல் இருக்கிறது.

அவர் போன பிறகு நானும் கிளாரன்ஸ் அண்ணனும் உடைந்த இடத்தைப் பார்த்தோம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாலாவது போல்ட் இல்லாத மூலையில் தட்டு நொந்துகொண்டே வந்திருக்கிறது. அடித்தகடு அசைந்து அசைந்து மற்றத் துளைகளின் ஓரத்தில் ரெசின் வெடித்துத் தண்ணீர் இறங்கி, உள்ளே பிளைவுட் வெற்றிலைபாக்கு மென்ற மாதிரி ஆகியிருந்தது. அந்த மூலை அமுங்க அமுங்க நாற்காலி இடது பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சுற்றுகிற நாற்காலி சாய்ந்து நின்றால் பள்ளமான பக்கம் பார்த்துத்தான் திரும்பும். மூலை அமுங்கின அளவுக்கு வேகமாகத் திரும்பியிருக்கிறது. அந்தக் கடைசித் திருப்பம், மீதி மூன்று போல்ட்டையும் பிடித்திருந்த மரம் விட்டுக்கொடுத்தபோது வந்தது.

"சீட்டு ஏன் திரும்பிச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிட்டுண்ணே" என்றேன். "பேய் இல்ல. நாலு மாசமா தட்டுதான் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு."

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார் அண்ணன். "ஆனா அதை நேவிஸ்கிட்ட சொல்லாத. அந்தப் பிள்ள சொன்னதும் அதான, ஏதோ சொல்லுதாருன்னு."

அப்புறம் கட்டிங் மெஷினை வைத்து சிலுவை போட்ட இடத்தைச் சதுரமாக அறுத்து எடுத்தோம்.

பதக்கம் இல்லை.

மக்கின மரத்தைப் பிழிந்து, சல்லடையில் சலித்துப் பார்த்தோம். கடலில் விழுந்திருக்க வழியில்லை, அந்த இடத்தின் மேல்தோலும் அடித்தோலும் அப்படியே இருந்தன, சிலுவையோடு. நடுவில் வெற்றிடம். கட்டும்போது ரெசின் எட்டாமல் போன ஒரு காற்றுப் பை. எங்கள் யார்டிலும் வரும், நான் தட்டிப் பார்த்து ஊசி போட்டு ரெசின் ஏற்றச் சொல்வேன். வியாகுலம் அண்ணாச்சி அன்றைக்கு நேவிஸ் அக்கா சொன்னபடி துளைத்திருந்தால், டிரில் உள்ளே போன கணமே காலி என்று தெரிந்திருக்கும்.

கிளாரன்ஸ் அண்ணன் கீழே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் இதைச் சொன்னார். இன்னாசி அந்த வள்ளத்தைப் புதிதாகக் கட்டவில்லை, வடக்கே ஒரு கரையில் கைமாற்றாக வாங்கினார். விற்றவர், "பதக்கம் வச்ச வள்ளம்தான், எங்ஙன வச்சாங்கன்னு நெனவில்ல" என்றிருக்கிறார். இன்னாசியும் கிளாரன்ஸ் அண்ணனும் கரையில் வைத்து, தட்டு முழுக்கத் தட்டித் தேடியிருக்கிறார்கள். மொத்தென்று கேட்ட இடத்தில் இன்னாசி சிலுவை போட்டார். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது அண்ணன்.

"அப்ப நான் இந்த வேலைக்கு வரலம்மா. ரெசின் வாடையே எனக்குத் தெரியாது. 'இங்ஙனதாம்லே'ன்னு மொதல்ல சொன்னது நான்தான்."

நான் அறுத்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் தட்டித்தான் பார்த்திருக்கிறார். என் ஐந்தாவது குறிப்பு.

மறுநாள் அந்த வள்ளத்தைக் கட்டின யார்டின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பழைய மேஸ்திரி ஒருவர் எடுத்தார். "பின்னாலயா? அங்ஙனலாம் வைக்க மாட்டோம், ஆளு நிக்கிற இடம்லா அது. யாராவது மாதாவைக் காலுக்கடியில வைப்பாங்களா? அணியத்துல பாரும்மா, மூக்குக்கு உள்பக்கம்" என்றார். பார்த்தோம். இருந்தது. இதோ, இந்தக் காகிதத்துக்குள். தொட்டுப் பாருங்கள், பரவாயில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை, புதிது மாதிரி இருக்கிறது.

இதைக் கொடுக்கத்தான் போகிறேன். அண்ணாச்சி விலக்கில் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். நேவிஸ் அக்காவும் வருகிறாராம். கிளாரன்ஸ் அண்ணன் கூட வரவில்லை. வரும்போது ஒன்று சொன்னார்: "பதக்கத்தைக் குடு. எங்ஙன இருந்துச்சுன்னு அவரு கேக்க மாட்டாரு. கேக்காததை நீயாச் சொல்லாத. நாலு போல்ட்டும் போட்டுரலாம், ஆளுக்கு ஆபத்து இல்ல. பின்ன என்னத்துக்கு?"

அவர் சொல்வதும் சரிதான். சொல்லாவிட்டால் யாருக்கும் ஆபத்து இல்லை. பதக்கமும் பொய் இல்லை. அண்ணாச்சி கோயிலில் வைப்பார். நாலாவது போல்ட்டை நானே முறுக்குவேன், கீழேயிருந்தும் படம் எடுப்பேன். சொன்னால்தான் கஷ்டம். இன்னாசி அத்தனை வருடம் ஓர் அடி விலகி நின்றாரே, அது எதற்கு என்று ஆகிவிடும். அண்ணாச்சி அறுத்த போல்ட் எதற்கு என்று ஆகிவிடும்.

ஆனால் அக்கா, போன தடவையும் நான் கேட்காததால்தானே... இல்லை, என் தாளில் பிழை இல்லை. மேலேயிருந்து எடுத்த படத்தைப் பார்த்தேன், மேலே சரியாக இருந்தது, சரி என்றேன். இப்போதும் பதக்கத்தை மட்டும் நீட்டினால் மேலேயிருந்து பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நேற்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நேவிஸ் அக்காவுக்கு எண்ணத் தெரியும், அவர் எண்ணிப் பார்க்கட்டும் என்று தோன்றியது. அதனால் புதிதாக ஒரு தாள் எழுதியிருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில். முதல் குறிப்பு பதக்கம் எங்கே இருந்தது என்பது. அதை நேவிஸ் அக்கா கையில்தான் கொடுப்பேன்.

விலக்கு வந்துவிட்டது போல. அதோ, சாய்ந்து நிற்கிறாரே, அவர்தான். பக்கத்தில் பச்சைச் சேலை நேவிஸ் அக்காவாகத்தான் இருக்கும். கண்டக்டர், இறங்கணும்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். அறுத்தெடுத்த துண்டை ஸ்கேல் வைத்து அளந்தேன், இரண்டு தடவை. இன்னாசி கால் வைக்காமல் விலகி நின்ற அந்தக் காற்றுப் பை பதினொரு சென்டிமீட்டர் நீளம், ஏழு சென்டிமீட்டர் அகலம். ஒரு ஆளின் பாதம் முழுதாக அடங்காது.